மாதிரி ரயில்களுக்கு அசல் லிவரி நிறத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் லிவரி என்ற சொல், ஒரு ரயில்வே தன் எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பூசிய நிறங்கள், பட்டைகள், அவை அமைந்த இடங்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. கேள்விகள் யாவும் டப்பாவில் அடைத்து வரும் ஸ்ப்ரே பெயிண்டைப் பற்றியவை. ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு நிறத்தைத் தாங்களே கலந்துகொள்ளும் வசதி உண்டு. ஸ்ப்ரே டப்பாவை நம்பியிருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால், கடையில் எந்த டப்பாவை எடுப்பது என்ற ஒரே முடிவில் பாதி வேலை அடங்கிவிடுகிறது.

நிறம் தேடத் தொடங்கும் முன் எதை முடிவு செய்ய வேண்டும்?

எந்த ரயில்வே, எந்த வகை எஞ்சின் அல்லது பெட்டி, எந்த ஆண்டு ஆகிய மூன்றையும் முடிவு செய்ய வேண்டும். இவற்றுள் ஆண்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேற்கு ஜெர்மனியின் 103 வகை மின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ் (டி.ஈ.ஈ.) என்ற பன்னாட்டு விரைவு ரயில்களின் காலத்தில் அது கருஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த உடையில் ஓடியது. ஜெர்மனியின் ரால் என்ற வண்ண எண் முறையில் அவற்றின் எண்கள் ரால் 3004, ரால் 1001. 1987 முதல் அந்த ரயில்வேயின் எஞ்சின்கள் 'ஓரியன்ட் சிவப்பு' எனப்படும் ரால் 3031க்கு மாறத் தொடங்கின. 1990களின் இரண்டாம் பாதியில் 'போக்குவரத்துச் சிவப்பு' எனப்படும் ரால் 3020 வந்தது. மூன்றையும் சிவப்பு என்றே சொல்கிறோம், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பூசினால், அந்த ரயிலை அறிந்தவர் கண்ணில் அது உடனே உறுத்தும்.

ஜப்பானிய தேசிய ரயில்வேயின் நீல இரவு ரயில்களிலும் இதே நிலைமைதான். 20 வரிசைப் பெட்டிகளுக்கு 'நீலம் 15' என்ற நிறமும், பின்னர் வந்த 14, 24 வரிசைப் பெட்டிகளுக்குச் சற்றே வெளிச்சமான 'நீலம் 20' என்ற நிறமும் பூசப்பட்டன. பிரிட்டனில் 1964ஆம் ஆண்டின் சோதனை ரயிலுக்குப் பூசிய எக்ஸ்.பி.64 நீலம், அடுத்த ஆண்டு நிலைபெற்ற 'ரயில் நீல'த்தைவிட வெளிர்ந்தது. ஆகவே, நீங்கள் செய்யப்போகும் வண்டியின் ஒரு குறிப்பிட்ட புகைப்படத்தை, அது எடுக்கப்பட்ட ஆண்டோடு, முதலில் மேசைமேல் வையுங்கள். டப்பாவைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

அதிகாரபூர்வ வண்ண எண் கிடைத்துவிட்டால், அதே எண்ணுள்ள டப்பாவை வாங்கினால் போதாதா?

எண் கிடைப்பது பெரும் உதவி. ஆயினும் அது தொடக்கம் மட்டுமே. 1927இல் 40 நிறங்களோடு ஜெர்மனியில் தொடங்கிய ரால் முறை, இன்று 200க்கும் மேற்பட்ட நிறங்களைக் கொண்ட நான்கிலக்கப் பட்டியலாக வளர்ந்திருக்கிறது. பிரிட்டனுக்கு பி.எஸ். 381சி என்ற தரப் பட்டியல் உண்டு. ரயில் நீலம் அதில் 114ஆம் எண். இவ்வாறு எண்ணிடப்பட்ட நிறங்களில் வரும் பொதுப் பயன்பாட்டு ஸ்ப்ரே டப்பாக்கள் எளிதில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஜெர்மன் ரயில்களைச் செய்பவர்கள் இந்த வகையில் பேறு பெற்றவர்கள் என்றே சொல்வேன்.

எண் சரியாக இருந்தும் நிறம் பிழைக்கும் இடங்கள் சில உண்டு. ரால் அட்டையே பளபளப்புக்கு ஒன்றும் அரைப் பளபளப்புக்கு ஒன்றுமாக இரண்டு வகையில் வருகிறது. ஒரே எண், ஆனால் கண்ணுக்கு இரண்டு தோற்றம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஒரே எண்ணில் சிறு வேறுபாடு இருக்கும். அசல் வண்டியோ பூசிய நாளில் மட்டும்தான் அந்த எண்ணுக்குப் பொருந்தியிருக்கும். வெயிலும் பிரேக் தூசியும் கழுவும் இரசாயனமும் அதற்குப் பின் தம் வேலையைத் தொடங்கிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பரப்புக்குரிய நிறம் சிறிய பரப்பில் அதே நிறமாகத் தோன்றுவதில்லை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எண் இல்லாத, பெயர் மட்டுமே உள்ள பழைய நிறங்களை எப்படி அணுகுவது?

பெயரை நம்பாமல் அணுக வேண்டும். பிரிட்டனின் லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயில் எஞ்சின் பிரிவுத் தலைவரான வில்லியம் ஸ்ட்ரவுட்லி அறிமுகப்படுத்திய 'மேம்படுத்தப்பட்ட எஞ்சின் பச்சை' உண்மையில் பச்சையே அல்ல. பொன்மஞ்சள் சாயல் கொண்ட காவி நிறம் அது. 'பிரன்ஸ்விக் பச்சை' என்ற ஒரே பெயர், பிரிட்டிஷ் ரயில்வேயின் நீராவி எஞ்சின்களில் நன்றாகத் தெரியும் அடர்பச்சையைக் குறிக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடின் எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது அதே பெயர், கருப்பிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு இருண்ட பச்சையைக் குறிக்கிறது. டப்பாவில் பெயரைப் பார்த்து வாங்குபவர் இங்கேதான் ஏமாறுகிறார். மாதிரி ரயிலுக்கென்றே பெயிண்ட் தயாரிப்பவர்கள், பெயரோடு ரயில்வேயையும் காலத்தையும் சேர்த்து அச்சிடுவதன் காரணம் இதுதான். அந்த இரண்டும் இல்லாத வெறும் பெயரை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆக்கங்களில் வரும் கலவைக் குறிப்புகளையும் கவனித்துப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்க மாதிரிக்காரர்களின் பழைய குறிப்புகளில் எங்கும் காணப்படும் ஃப்ளோக்வில் பெயிண்டின் தயாரிப்பு 2013இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் நிறப் பெயர்களைப் பிற தயாரிப்புகளில் தேடினால், பெயர் ஒத்தும் நிறம் ஒவ்வாமலும் போகலாம்.

பழைய புகைப்படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கருப்பு வெள்ளைப் படங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவைதான் மிகுதியாகத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்பவை. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளும் கண்ணாடித் தகடும் சிவப்பை உணர்வதில்லை. ஆகையால் சிவப்பு ஏறக்குறைய கருப்பாகவும், நீலம் வெளிறியும் பதிவாகும். ஒரு பெட்டியின் மேற்பகுதி வெளிர்ந்தும் கீழ்ப்பகுதி இருண்டும் தெரிவதைக் கொண்டு அவற்றின் நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. தொழிற்சாலை வாசலில் எடுத்த அதிகாரபூர்வப் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. விவரங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே புதிய எஞ்சின்களுக்குச் சாம்பல் பூசிப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது. படமெடுத்த பின்னரே உண்மையான லிவரி பூசப்பட்டது.

வண்ணப் படங்களில், 1935இல் வந்த கோடாக்குரோம் இருட்டில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தால் நிறத்தை நன்றாகக் காக்கும். வேறு பல வண்ணச் சுருள்களில் சாயங்கள் சமமில்லாமல் மங்குவதால், படம் முழுதும் செம்மை ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது: அதே படத்தில் நமக்குத் தெரிந்த பொருள்களைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டை, நிலக்கரி, தண்டவாளத்தின் அடியிலுள்ள ஜல்லி, மேகம் ஆகியவை தம் இயல்பு நிறத்தில் இருந்தால் எஞ்சினின் நிறத்தையும் ஓரளவு நம்பலாம். அவை செம்மை பூண்டிருந்தால் எஞ்சினும் பூண்டிருக்கிறது. ஒரே ஒரு படத்தைக் கொண்டு முடிவெடுக்காமல், வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு ஆட்கள் எடுத்த நான்கைந்து படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான நிறம் தானே புலப்படும். கணினித் திரையில் பார்த்த நிறத்தோடு டப்பாவின் மூடியை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை. திரை ஒளியை உமிழ்கிறது, பெயிண்ட் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது.

அருங்காட்சியகத்தில் நிற்கும் அசல் எஞ்சின்தான் இறுதிச் சான்றா?

நல்ல சான்று, ஆனால் இறுதிச் சான்று அல்ல. பாதுகாக்கப்படும் வண்டிகள் பல முறை மறுபடி பூசப்பட்டவை, இன்றைய பெயிண்டால் பூசப்பட்டவை, சில சமயம் அவை அதிக காலம் அணிந்திராத ஓர் உடையில் நிற்பவை. நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், புகைப்படம் எடுப்பதோடு நிறுத்தாமல் ஒரு வண்ண அட்டையை வண்டியின் அருகில் பிடித்து, அதிக நெருக்கமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஒளியில் இருப்பதால் அந்த ஒப்பீடு மெய்யானது.

அசல் பெயிண்டையே பூசினாலும் மாதிரி ஏன் இருண்டு தெரிகிறது?

இந்தப் பொழுதுபோக்கில் நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்று யாரேனும் என்னைக் கட்டாயப்படுத்தினால், இதைத்தான் சொல்வேன். 1:87 அளவான எச்.ஓ. மாதிரியை ஒரு மீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது, அசல் எஞ்சினை 87 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 1:160 அளவான 'என்' (N) வகை மாதிரியில் அதே ஒரு மீட்டர் 160 மீட்டராகிவிடும். அத்தனை தொலைவில் இடையிலுள்ள காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடித்து நிறத்தை வெளிறச் செய்கின்றன. கருப்பு அடர்சாம்பலாகிறது, வெள்ளை சற்று மங்குகிறது, அடர்நிறங்கள் இளகுகின்றன. இது போதாதென்று, திறந்தவெளியில் வெயிலில் நிற்கும் எஞ்சினுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மிகச் சிறு பங்கே வீட்டுக்குள் நிற்கும் மாதிரிக்குக் கிடைக்கிறது. மாதிரியின் மேல் அசல் பெயிண்டையே பூசினால் இந்த இரண்டு குறைகளும் ஒன்றுசேர்ந்து, நம் நினைவில் இருக்கும் எஞ்சினைவிட இருண்ட ஒரு பொம்மையைத் தருகின்றன.

விமான மாதிரி செய்பவர்களிடையே இதற்கென ஒரு கணக்கு புழங்குகிறது: 1:48 அளவுக்குச் சுமார் 10 விழுக்காடு, 1:72 அளவுக்கு 15, 1:144 அளவுக்கு 23 விழுக்காடு வெள்ளையைச் சேர்க்க வேண்டும் என்பது அது. அதை விதியாகக் கொள்ள வேண்டாம், திசைகாட்டியாக மட்டும் கொள்ளலாம். சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பை இளக்கச் சிறிது மஞ்சளோ ஆரஞ்சோதான் உதவும்.

ஸ்ப்ரே டப்பாவில் எதையும் கலக்க முடியாது என்பதால், தேர்விலேயே இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. பட்டியலில் அசல் எண்ணுக்கு ஒரு படி வெளிர்ந்த அண்டை நிறத்தைப் பாருங்கள். கருப்பு எஞ்சினுக்கு முழுக் கருப்பை விட்டுவிட்டு மிக அடர்ந்த சாம்பலை எடுங்கள். அப்போதுதான் குழாய்களும் ரிவெட்டுகளும் நிழலோடு தெரியும். வெள்ளைப் பெட்டிக்குத் தூய வெள்ளையைவிட, சாம்பலோ தந்தநிறமோ இழையோடும் வெள்ளை பொருந்தும். முன்பு சொன்ன பென்சில்வேனியா பச்சையை அசலின் அளவுக்கே இருட்டாகப் பூசினால், பார்ப்பவர் அதைக் கருப்பு என்றே எண்ணிவிடுவார். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அந்த நிறத்தைத் துணிந்து வெளிறச் செய்கிறார்கள். பெரிய மாதிரிகளுக்கு இந்தத் திருத்தம் குறைவாகவே தேவைப்படும்.

எந்த விளக்கின் கீழ் நிறத்தை ஒப்பிட வேண்டும்?

மாதிரி எந்த விளக்கின் கீழ் ஓடப்போகிறதோ அதன் கீழ்தான். பகலொளியில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு பெயிண்டுகள், அவற்றிலுள்ள நிறமிகள் வேறு என்பதால், எல்.இ.டி. விளக்கின் கீழ் பிரிந்து தெரிவதுண்டு. சாம்பல், ஆலிவ், வெளிர்மஞ்சள், அடர்நீலம் ஆகிய நிறங்களில் இதை அடிக்கடி காணலாம். வெப்பச் சாயல் கொண்ட 2700 கெல்வின் விளக்கு மஞ்சளைத் தூக்கிக் காட்டி நீலத்தை அடக்கிவிடும். 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான விளக்கு பகலொளிக்கு நெருக்கமானது. புதிதாக விளக்கு வாங்குபவர்கள், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஒரு முறை நான் இரவில் மேசைவிளக்கின் மஞ்சள் ஒளியில், ஒரு பெட்டித் தொடருக்கான வெளிர்மஞ்சளைத் தேர்ந்தெடுத்து மூன்று பெட்டிகளைப் பூசி முடித்தேன். விளக்கொளியில் படத்தோடு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. காலையில் சன்னலோரத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த நிறத்தில் பச்சைச் சாயல் ஓடியது. மூன்றையும் உரித்து மறுபடி பூச ஒரு மாதம் பிடித்தது. அன்றிலிருந்து இரண்டு ஒளிகளிலும் பார்க்காமல் எந்த நிறத்தையும் உறுதி செய்வதில்லை.

எந்த வகை டப்பாக்கள் இருக்கின்றன? எல்லாம் பிளாஸ்டிக்கில் பூசத்தக்கவையா?

நான்கு வகை எனலாம். முதலாவது, ரயில் மாதிரிக்கென்றே வருபவை. பிரிட்டனின் ரெயில்மேட்ச் இந்த வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய தேசிய ரயில்வேயின் எண்ணிட்ட நிறப் பெயர்களிலேயே பெயிண்ட் தருகிறது கிரீன்மேக்ஸ். இவை அளவுத் திருத்தத்தையும் ஓரளவு மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுபவை. நீங்கள் செய்யும் ரயில்வேக்கு இவ்வகை டப்பா கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். இரண்டாவது, பொது மாதிரிப் பெயிண்டுகள். தாமியாவின் டி.எஸ். வரிசை லாக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நுண்ணிய துளிகளாக விழும், விரைவில் உலரும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது. அதே நிறுவனத்தின் பி.எஸ். வரிசை பாலிகார்பனேட் கார் உடல்களுக்கானது. அதை ரயில் பெட்டியில் பூசிவிடக் கூடாது. எண்கள் ஒன்றுபோல் தோன்றுவதால் கடையில் மாறி எடுத்துவிடுபவர்கள் உண்டு.

மூன்றாவது, கார்களுக்கான டப்பாக்கள். நிறங்கள் ஏராளம், பூச்சு உறுதியானது. ஆனால் இவற்றின் கரைப்பான் வலிமையானது. பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு இல்லாமல் நேரடியாகப் பாலிஸ்டைரீன் மேல் அடித்தால் பிளாஸ்டிக்கைத் தின்று நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும். நான்காவது, ரால் எண்ணோடு வரும் வீட்டு உபயோக டப்பாக்கள். நிறம் சரியாக இருக்கும். ஆனால் முனை அகலமானது, துளி பருமனானது. ஒரே வீச்சில் ரிவெட்டுகளையும் கதவுக் கோடுகளையும் மூடிவிடும் என்பதால், 'ஓ' (O) அளவு போன்ற பெரிய மாதிரிகளுக்கும் கட்டடங்களுக்கும் பயன்படுத்துங்கள். 'என்' (N) அளவுக்கு வேண்டவே வேண்டாம்.

லாக்கர், எனாமல், அக்ரிலிக் ஆகிய பெயிண்ட் வகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவதில் ஒரு கட்டுப்பாட்டை மறக்கக் கூடாது. முழுதும் இறுகாத எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடியிலுள்ள பூச்சு சுருங்கிக் கிளம்பிவிடும். நன்கு உலர்ந்த லாக்கர் மேல் எனாமலோ அக்ரிலிக்கோ அடிப்பதில் சிக்கல் வராது.

கார் பெயிண்ட் கடையில் நிறத்தைக் கலந்து டப்பாவில் அடைத்துத் தருகிறார்களே, அது பயன்படுமா?

நன்றாகப் பயன்படும். வண்ண எண்ணைக் கொடுத்தோ, கையோடு கொண்டு சென்ற மாதிரித் துண்டை நிறமானியில் அளக்கச் செய்தோ வேண்டிய நிறத்தைப் பெறலாம். மாதிரித் துண்டு தட்டையாகவும், நிறமானியின் கண்ணை முழுதும் மூடும் அளவுக்கு அகலமாகவும் இருக்க வேண்டும்; ஒரு பெட்டியின் வளைந்த ஓரத்தைக் கொடுத்தால் அளவு பிழைக்கும். அவர்கள் தருவது பெரும்பாலும் மேலே நிறமற்ற தெளிபூச்சு வேண்டும் வகையிலான அடிவண்ணம் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அத்தகைய பெயிண்ட் உலர்ந்தவுடன் வெளிறி, சுண்ணாம்பு படிந்ததுபோல் தெரியும். தெளிபூச்சு அடித்த பிறகே அதன் உண்மை நிறம் வெளிவரும். அதற்கு முன்பே தவறென்று எண்ணித் தூக்கியெறிந்துவிட வேண்டாம். இருபொருள் கலந்து இறுகும் வகைப் பெயிண்டில் ஐசோசயனேட் இருப்பதால், அதற்குரிய, தூய காற்று தரும் சுவாசக் கருவி இல்லாமல் வீட்டில் அடிக்கவே கூடாது.

பிரைமரின் நிறம் மேல்நிறத்தை மாற்றுமா?

மாற்றும், பலர் நினைப்பதைவிட மிகுதியாகவே. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு ஆகிய நிறங்களின் இன்றைய நிறமிகள் ஒளியைப் பெரிதும் ஊடுருவ விடுகின்றன. ஈயக் குரோமேட் நிறமிகள் நச்சுத்தன்மை காரணமாக விலக்கப்பட்டு வருவதால், பழைய மஞ்சளின் மூடும் ஆற்றல் இன்றைய மஞ்சளுக்கு இல்லை. ஆகவே சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் பச்சைச் சாயல் தட்டும். வெள்ளை மேல் அடித்தால் கூர்மையாகத் தெரியும். இளஞ்சிவப்பு மேல் அடித்தால் இதமாகவும் ஆழமாகவும் அமையும். அடர்சிவப்புக்கும் மெரூனுக்கும் செங்காவி பிரைமர் மிகப் பொருத்தம். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுத்தரச் சாம்பல் போதும். வெள்ளிக்குக் கருப்பு.

டப்பாவில் நிறம் கலக்க முடியாது என்று மேலே சொன்னேன். பிரைமர்தான் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நமக்குக் கிடைக்கும் விடுதலை. ஒரே சிவப்பு டப்பாவை வெள்ளை, சாம்பல், செங்காவி ஆகிய மூன்று பிரைமர்கள் மேலும் அடித்துப் பார்த்தால், மூன்று வெவ்வேறு சிவப்புகள் கிடைக்கும். இது புதிய தந்திரமும் அல்ல. பழைய ரயில்வேக்களின் 'கிரிம்சன் லேக்' போன்ற நிறங்கள் ஒளி ஊடுருவும் நிறமிகளால் ஆனவை. அடியில் என்ன பூசினார்கள், எத்தனை முறை பூசினார்கள் என்பவையே அவற்றின் ஆழத்தைத் தீர்மானித்தன.

பித்தளை மாதிரிகளுக்கு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் தேவை. பிளாஸ்டிக்கானால், முதலில் சோப்பு நீரில் கழுவி வார்ப்பு எண்ணெயை நீக்குங்கள்.

இரண்டு நிறங்கள் சேரும் லிவரியில் எந்த நிறத்தை முதலில் தேர்ந்தெடுப்பது?

வெளிர்ந்ததை முதலில் பூச வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது; தேர்விலும் இரண்டையும் ஒன்றாக வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். பாரிசின் கோபெலின் நெசவாலையில் சாயப் பொறுப்பிலிருந்த செவ்ரூல், 1839இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்பதை விளக்கினார். யூனியன் பசிபிக் எஞ்சினில் ஆர்மர் மஞ்சளின் பக்கத்திலுள்ள சாம்பல், அந்த மஞ்சளின் காரணமாகவே நீலச் சாயலோடு தெரிகிறது. படத்தைப் பார்த்துவிட்டு நீலம் கலந்த சாம்பல் டப்பாவை வாங்கினால், மாதிரியில் அந்தச் சாயல் இரட்டிப்பாகிவிடும். பிரிட்டிஷ் ரயில் நீலத்தின் ஓரத்தில் நிற்கும் எச்சரிக்கை மஞ்சளும், தனியாகப் பார்ப்பதைவிட அங்கே அதிகம் சுடர்கிறது. ஆகவே சோதனை அட்டையில் இரண்டு நிறங்களையும் லிவரியில் உள்ள அதே விகிதத்தில் ஒட்டி அடித்துப் பார்த்த பிறகே டப்பாவை உறுதி செய்யுங்கள்.

பூசும்போது, மாஸ்கிங் டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டு, முதல் நிறத்தையோ தெளிபூச்சையோ மெல்லிதாக ஓரத்தில் அடித்து அடைத்துவிட்டால், இரண்டாம் நிறம் அடியில் கசியாது.

பளபளப்பு நிறத்தை மாற்றுமா?

அடர்நிறங்களை வெகுவாக மாற்றும். பளபளப்பில்லாத மேட் பூச்சின் கரடான பரப்பு வெண்ணொளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அடர்நீலமும் மெரூனும் ஒரு படி வெளிறித் தெரியும். பளபளப்புப் பூச்சில் அவை ஆழமாகத் தெரியும். எண்களும் சின்னங்களும் அச்சிட்ட ஒட்டுப்படமான டீகாலை ஒட்டுவதற்குப் பளபளப்பான பரப்பு வேண்டும். ஒட்டி முடித்த பின், இரண்டுக்கும் இடைப்பட்ட சாட்டின் பூச்சால் மூடினால் பெரும்பாலான ரயில்களுக்கு இயல்பாக இருக்கும். உங்கள் இறுதிப் பூச்சு எதுவோ அதைச் சோதனை அட்டையிலும் அடித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

உலோக நிறங்களுக்கு?

கார் டப்பாக்களின் மெட்டாலிக் நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் மினுக்குத் துகள் 1:87 அளவில் மிகப் பருமனாகத் தெரியும். மாதிரிகளுக்கான நுண்துகள் வெள்ளியே பொருந்தும்.

ஏற்கெனவே வாங்கிய தொழிற்சாலை மாதிரியோடு பொருந்தும்படி ஒரு பெட்டி பூச வேண்டும். அசல் நிறத்தைப் பின்பற்றவா, மாதிரியின் நிறத்தையா?

மாதிரியின் நிறத்தை. ஒரே தொடரில் ஓடும் பெட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியே எவ்வளவு சரியாக இருந்தாலும் கண் ஏற்காது. அசல் ரயில்களிலும் புதிதாகப் பூசிய பெட்டியும் வெளிறிய பெட்டியும் சேர்ந்தே ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டை ஒரே நிறத்தின் வெளிறலாகக் காட்ட வேண்டும், வேறு நிறமாகத் தெரியக் கூடாது. தொடர் முழுவதற்கும் தேவையான டப்பாக்களை ஒரே தயாரிப்புத் தொகுதியில், ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். டப்பாவின் அடியில் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பார்த்தால் இது தெரியும். கடைசிப் பெட்டிக்கு வந்தபோது பெயிண்ட் தீர்ந்து, வேறொரு தொகுதி டப்பாவால் அதை முடித்தவன் நான். அந்த ஒரு பெட்டி இன்றும் தொடரில் தனித்துத் தெரிகிறது.

வெயிலில் வெளிறிய தோற்றம் வேண்டுமானால் வேறு டப்பா வாங்க வேண்டுமா?

தேவையில்லை. புதிய நிறத்தைப் பூசி, மேலே தந்தநிற அல்லது வெளிர்சாம்பல் டப்பாவை 40 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு மூச்சளவு மட்டும் மேலிருந்து தூவினால் போதும். கூரையும் மேல் ஓரமும் பக்கங்களைவிடச் சற்று வெளிறும். சிவப்பு வெயிலில் இளஞ்சிவப்பை நோக்கிச் செல்வதால், அதற்கு மட்டும் வெள்ளைத் தூவலே பொருத்தம்.

சோதனை அட்டையை எப்படிச் செய்வது?

மாதிரி எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளில், விரல் நீளத் துண்டு ஒன்றை எடுங்கள். அதில் சில கோடுகளைக் கீறி, ஒரு சிறு கம்பியையும் ஒட்டிவிட்டால் நிறம் விவரங்களில் எப்படி நிற்கிறது என்பதும் தெரியும். பிரைமரை அதன் மேல் பாதிக்கு ஒன்றும் கீழ்ப் பாதிக்கு மற்றொன்றுமாக அடியுங்கள். டப்பாவை இரண்டு மூன்று நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தொலைவில், மெல்லிய மூன்று பூச்சுகளாக, இடையே 10 நிமிடம் விட்டு அடியுங்கள். குளிர்ந்த டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்தால் துளி நுண்மையாகும். 50 பாகை செல்சியசை நெருங்கவே கூடாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கரில் வெண்படலம் படியும். அந்த நாளின் அட்டையைக் கொண்டு நிறத்தைத் தீர்ப்பளிக்காதீர்கள்.

முழு ஒரு நாள் உலர விட்ட பிறகு, இறுதிப் பூச்சையும் அடித்து, பகலொளியிலும் ஓடுபாதையின் விளக்கிலும், கைநீளத் தொலைவிலும் இரண்டு மீட்டர் தொலைவிலும் வைத்துப் பாருங்கள். பின்புறம் தயாரிப்பாளர், நிறம், தொகுதி எண், பிரைமர், பூச்சுகளின் எண்ணிக்கை, நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சில ஆண்டுகளில் இந்த அட்டைகள் எந்த விற்பனைப் பட்டியலையும்விட மதிப்புள்ளவையாகிவிடும்.

பாதுகாப்பாக அடிக்க என்ன வேண்டும்?

கரிம ஆவியைத் தடுக்கும் வடிப்பான் பொருத்திய முகமூடி, கையுறை, காற்றோட்டம். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. அருகில் சுடரோ தீப்பொறியோ இருக்கக் கூடாது.

பூசி முடித்த பிறகு நிறம் தவறு என்று தெரிந்தால் எல்லாம் வீணா?

பெரும்பாலும் வீணாகாது. வேறுபாடு சிறிதானால், பளபளப்பு, சாட்டின், மேட் ஆகியவற்றுள் வேறொன்றைத் தெளிபூச்சாக அடித்துப் பாருங்கள். அடர்நிறமானால் அதுவே பல சமயம் போதும். இருண்டுவிட்டது என்றால் மேலே சொன்ன தூவல் முறை கைகொடுக்கும். நிறமே வேறாகிவிட்டது என்றால் உரித்துவிடுவதே நேர்மையான வழி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் பல பெயிண்டுகள் பிளாஸ்டிக்குக்குத் தீங்கின்றிக் கழன்றுவரும். முதலில் பெட்டியின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும். கார் லாக்கர் அவ்வளவு எளிதில் விடாது, அதை உரிக்கும் வலிமையுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். அத்தகைய நிலையில் நீர் தொட்டுத் தேய்க்கும் 1500 எண் உப்புத்தாளால் பரப்பை மெல்ல மழித்து, மெல்லிய பிரைமர் ஒன்றை அடித்து, அதன் மேல் சரியான நிறத்தைப் பூசுங்கள். ரிவெட்டுகளின் கூர்மை சற்றுக் குறைந்தாலும் பெட்டி காப்பாற்றப்படும்.